சுதர்சினிக்கு விழுந்த அரைப்பேரு

பன்னிரண்டாவது நாளும் ரப்பர் மலையில் வைத்த இருபது கூடும் காலி.

சுதர்சினி கடைசிக் கூட்டைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டும் தட்டிப் பார்த்தாள். எலி என்ன, பானையில் ஒட்டிய சோறா, தட்டினால் விழ? கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே வைத்த தேங்காய்ச் சில்லு மட்டும் காணாமல் போயிருந்தது.

அவளுடைய ஆராய்ச்சி சொல்வதற்குச் சுலபம். எலி, சுண்டெலி, மூஞ்சூறு மாதிரியான சின்னச் சீவன்கள் குடியிருக்க எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன, ஏன் தேர்ந்தெடுக்கின்றன, அவ்வளவுதான். அதற்காகத் தெரணியகலைக்கு மேலே பெல்மோர் தோட்டத்தில் தேயிலைக்குள் இருபது, காட்டோரம் இருபது, ரப்பருக்குள் இருபது என்று கம்பிக் கூடுகளை வைத்திருந்தாள். காலை ஏழு மணிக்குப் போய், விழுந்ததை நிறுத்து, வாலை அளந்து, வாலில் நம்பருக்கு ஏற்றபடி நகப்பூச்சால் சிவப்புப் புள்ளிகள் வைத்து, அதே இடத்தில் திறந்து விட்டுவிட வேண்டும். தேயிலையில் தினமும் நாலைந்து விழுந்தன. காட்டோரத்திலும் குறையில்லை. ரப்பரில்தான் ஒரு குஞ்சு குருமான் கிடையாது.

பேராசிரியர் கபூர் சேர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஒரு குழு இருக்கிறதே. மாதக் கடைசியில் தானே வந்து பார்ப்பதாகவும், ரப்பரில் என்ன நடக்கிறது என்று தெளிவாகச் சொல்ல முடியாவிட்டால் ஆராய்ச்சியை இத்தோடு நிறுத்திவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். நிறுத்திவிட்டால் ருவான்வெல்லை கடைத்தெருவில் அப்பாவின் இரும்புக்கடை இருக்கிறது. வாழ்நாள் முழுக்க ஆணி நிறுத்துக் கொடுக்கலாம். 

தேங்காய் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இடையில் ஒரு நாள் சுட்ட கருவாடும் வைத்துப் பார்த்திருந்தாள். எலி வந்ததோ இல்லையோ, தோட்டத்து நாய்கள் அத்தனையும் வந்தன. மூன்று கூடு நசுங்கியது. ஒரு செவலை நாய் அன்றிலிருந்து அவள் கைப்பையை மோந்துகொண்டே பின்னால் திரிந்தது. மறுபடி தேங்காய்க்கே வந்தாள். மறுபடியும் தேங்காய் போனது, எலி இல்லை.

அந்தப் பன்னிரண்டாம் நாள் பின்னேரம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் சோற்றின் முன்னால் உட்கார்ந்தவள் அழுதேவிட்டாள். அவளுக்குத் தன் வீட்டில் ஒரு அறை ஒதுக்கிக் கொடுத்திருந்த தெரேசம்மா, கொழுந்தெடுக்கும் கை ஓயாத மனுஷி, என்ன ஏது என்று விசாரித்தாள். இருபது கூட்டுக்கு ஒன்றுகூட இல்லை, சேர் வந்து பார்த்தால் கதை முடிந்தது என்று சுதர்சினி மூக்கை உறிஞ்சினாள். தெரேசம்மா இன்னொரு கரண்டி பருப்பை அவள் தட்டில் ஊற்றினாள்.

மறுநாள் ரப்பரில் பதினொரு எலி. அதற்கடுத்த நாள் இருபதுக்கு இருபது!

சுதர்சினிக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் கொழுத்த வீட்டெலிகள். அந்தச் சாதி காட்டிலும் மேட்டிலும் திரியக் கூடியதுதான் என்பதால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அங்கேயே நின்று சேருக்குப் போன் போட்டாள். சேருக்கும் வாயெல்லாம் பல்.

மூன்றாம் நாள் ஒன்பதாம் நம்பர் எலி மறுபடி விழுந்தது. நாலாம் நாளும் விழுந்தது, ஆனால் மலையின் மறுபக்கத்துக் கூட்டில். வாலில் அதே சிவப்புப் புள்ளிகள். ஒரே பொழுதில் ஒன்றரைக் கிலோமீட்டர், நடுவில் ஒரு ஓடை வேறு! சேரிடம் சொன்னபோது அவர், இப்படி நடக்கிற எலியை உலகத்தில் யாரும் எழுதியதில்லை, அதற்கென்றே தனியாக ஒரு கட்டுரை போடலாம் என்றார். சுதர்சினி ஒன்பதாம் நம்பருக்கு மனதுக்குள் மாலையே போட்டுவிட்டாள்.

ஏழாம் நாள் காலை, ரப்பர் மலையின் ஆறாவது கூட்டில் ஒரு முயல் இருந்தது.

வெள்ளை முயல் குட்டி. கழுத்தில் ரோஸ் நிற ரிப்பன். கூட்டுக்குள் காதை மடித்து அடக்கமாக உட்கார்ந்து, யாரோ வைத்த காரட்டைக் கடித்துக்கொண்டிருந்தது.  அது தெரேசம்மா வீட்டு முயல்; அதற்குத் தினமும் புல் போடுகிறவளே சுதர்சினிதான்.

தூக்கிக்கொண்டு நேரே தேயிலை மலைக்கு ஏறினாள். கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தெரேசம்மா மட்டும் நிமிர்ந்தாள்.

"லயத்துல எலி தீந்து போச்சு புள்ள," என்றாள். "இருந்த ஒண்ணு ரெண்டும் ரப்பர்ல விட்டா சாயந்தரம் என் அரிசிப் பானைக்கே திரும்பி வந்துருது. அதையேதான் மாத்தி மாத்தி போட்டோம்."

ஒன்பதாம் நம்பர் ஒன்றரைக் கிலோமீட்டர் போன ரகசியம் அதுதான். தெரேசம்மாவின் கொழுந்துக் கூடையில் ஏறிப் போயிருக்கிறது.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க?"

"ஒனக்கு அரைப்பேரு விழுந்துறக் கூடாதுன்னுதான்."

கொழுந்து நிறுக்கும்போது கிலோ குறைந்தால் அந்த நாளுக்கு அரைப்பேரு, பாதிச் சம்பளம்தான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலோ இடுப்புவலி என்றாலோ, பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளி அவள் கூடையில் போடுவாள். அதை யாரும் சொல்லிக் காட்டுவதில்லை, நன்றி கேட்பதுமில்லை. காலையில் வேலைக்கு ஏறும் வழியில் ஆளுக்கு ஒரு எலியாக இவர்கள் அவளுடைய கூட்டையும் அப்படித்தான் நிரப்பியிருக்கிறார்கள்.

கோபமாகக் கத்தத்தான் சுதர்சினி மலை ஏறி வந்தாள். ஆனால் பெற்ற தாய்கூடத் தனக்காக எலி பிடித்திருக்க மாட்டாள் என்று தோன்றியது. முயலைக் கட்டிக்கொண்டு, எலி தானாகவே போய் விழ வேண்டும், அது எந்த இடத்தை விரும்புகிறது என்பதுதான் கேள்வியே என்று பொறுமையாக விளக்கினாள்.

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் 'சரி' சொல்லித் தலையாட்டினாள் தெரேசம்மா. "அதுக்கே போக மனசு வரணும். இனி நாங்க ஒண்ணையும் போட மாட்டோம். மாதா மேல சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினார்கள். அடுத்த மூன்று நாளும் ரப்பரில் இருபது கூடும் காலி. நாலாம் நாள் காலை ஏழு மணிக்குக் கபூர் சேர் வந்து இறங்கியபோதும் காலி. முதல் கூட்டிலிருந்து இருபதாவது கூடு வரைக்கும் அவரோடு நடக்க நடக்க, ஆணி நிறுக்கும் தராசு அவள் கண் முன்னால் ஆடியது.

இருபதாவது கூட்டின் முன்னால் நின்று, அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பருப்பு, அரைப்பேரு, அரிசிப் பானை, ரிப்பன் கட்டிய முயல், எதையும் மறைக்கவில்லை. உலகப் புகழ் பெறவிருந்த ஒன்பதாம் நம்பரைப் பற்றிச் சொன்னபோது சேர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து முடித்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அந்த ஏழு நாளைக் கிழிச்சுப் போடுங்க. மிச்சம் பதினாறு நாள் இருக்கு, பதினாறும் சுத்தம். காலிக் கூடும் ஒரு பதில்தான், மகள். சின்னச் சீவன்களுக்கு ரப்பர் ஆகாது. அதையே தைரியமா எழுதுங்க, குழுவுக்கு நான் சொல்லிக்கொள்றேன்."

சுதர்சினிக்கு அப்படியே அவர் காலில் விழலாம் போலிருந்தது. நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு ஓடைக்குள் விழுந்துவிட்டது. ஆராய்ச்சி பிழைத்தது. இரும்புக்கடை தூரப் போயிற்று. அவள் அங்கேயே குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, பெரிய எழுத்தில், 'ரப்பரை எதுவும் விரும்புவதில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

அந்த நேரம் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஏழுமலை, கத்தியோடு மரம் மரமாகப் பட்டை கீறிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். ஊமையோ என்று நினைக்கும்படி வாய் திறக்காத மனிதர். விடிவதற்கு முன்னமே மலைக்கு வந்துவிடுவார். சந்தோஷத்தில் இருந்த சேர், வழிப்பேச்சாக அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வைத்தார். இந்த ரப்பருக்குள் எலி, கிலி எதையாவது எப்போதாவது கண்டதுண்டா?

ஏழுமலை கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, கூச்சத்தோடு சொன்னார்:

"எல்லாம் இங்கதானுங்க கெடக்கு சேர், தெனமும் இந்தக் கூடுகள்ல பத்துப் பன்னெண்டு விழும்; மிஸ் வந்தா எப்படியும் தொறந்து விடத்தானே போறாங்க, அவங்களுக்கு அந்த வேலையாச்சும் மிச்சமாகட்டும்னு மொத நாள்ல இருந்தே நான் வெள்ளனயே தொறந்து விட்டுர்றேன்."