வேலைக்காவாதும் எட்டுக்கால் சிப்பும்

செஞ்சி தாலுகாவில் அவரைப்போல நம்பிக்கை இழந்த மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை. கோட்டையின் மூன்று மலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த அவநம்பிக்கையின் உயரத்துக்கு வராது. அனந்தபுரம் ரோட்டில் ஒற்றை ஷட்டர் வைத்த ரிப்பேர் கடை அவருடையது. மிக்சி, இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் என்று எதைக் கொண்டுபோனாலும் பையைப் பிரிப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "வேலைக்காவாது சார்."

ஊர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. ரேஷன் கார்டில் வேறு ஏதாவது இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

சொல்லிவிட்டுச் சரிசெய்தும் விடுவார் என்பதுதான் வேடிக்கை. திருப்பிக் கொடுக்கும்போது துக்க வீட்டு முகத்தோடு, "நாலு நாள் ஓடும், பாருங்க" என்பார். எங்கள் வீட்டு மிக்சிக்கு அந்த நாலு நாள் இன்னும் முடியவில்லை. ஆறு வருஷம் ஆகிறது.

மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில், முகூர்த்த நேரம் பார்த்து மைக் செட் செத்துப்போனது. விருந்துக்கு வந்திருந்த இவரை மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். குந்தி உட்கார்ந்து ஆம்ப்ளிஃபயரைக் குடைந்தார். மைக் பக்கத்திலேயே தரையில் கிடந்தது. உயிர் வந்த அதே நொடியில் பெருமூச்சு விட்டு, "இது வேலைக்காவாது. பாதிலயே புட்டுக்கும்" என்றார். நாலு ஸ்பீக்கரிலும் கணீரென்று கேட்டது. மாப்பிள்ளை கையில் தாலி. பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பீக்கர் ஒயர் போன வழியே தேடிக்கொண்டு வந்தார். நம்மவர் சாப்பிடாமலே பின்வாசல் வழியாக ஊர் திரும்பினார்.

இப்படிப்பட்டவர் வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு தண்ணீர் டேங்க்.

அப்போது எங்கள் நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் திட்டு வாங்குவதற்கென்றே உண்டாக்கப்பட்ட பதவி அது. டேங்க் பாறை மேட்டின் உச்சியில் இருந்தது. போர் மோட்டார் கீழே, முக்கால் கிலோமீட்டர் தள்ளி. டேங்க் நிறைந்ததா என்று பார்க்க, மோட்டார் போடும் ஏழுமலை தினம் நாலு தடவை பாறை ஏறுவார். ஐப்பசி மழையில் ஒருநாள் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பிளேட் வைத்தும் நொண்டல் போகவில்லை. அந்தக் காலோடு மறுபடி ஏறக் கிளம்பினார்.

"வேற இன்னா சார் பண்றது? தண்ணி வோணுமில்ல?"

எனக்குச் சோறு இறங்கவில்லை. சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்து, டேங்கின் அளவைக் கீழே சொல்ல வயர்லெஸ் பெட்டி மாட்டினோம். நடுவிலிருந்த பாறையைத் தாண்டி சிக்னல் வரவில்லை. பாறையைக் கொஞ்சம் எடுத்துவிட முடியுமா என்று அவர் கேட்டார். அன்றோடு அவரை அனுப்பிவிட்டு வேலைக்காவாதிடம் போனேன்.

"வேலைக்காவாது சார்."

"நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே!"

"கேட்டாலும் அதான். டேங்க் கதைதான் ஊருக்கே தெரியுமே" என்றபடி டிராயரிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புளியங்கொட்டை அளவுகூட இல்லை.

"இன்னா இது, பூச்சி மாதிரி?"

"சிப்பு சார். எட்டு காலு. ரெண்டு காலு கரண்ட்டுக்கு. ரெண்டு காலு, தண்ணி அளவு பாக்குற போர்டோட சேதி வாங்கிக் குடுக்க. இப்ப பேசணுமா, கேக்கணுமான்னு சொல்றதுக்கு ரெண்டு. மிச்சம் ரெண்டுல வெளி ஒயரு. டேங்க்ல ஒரு சிப்பு, மோட்டார் ரூம்ல ஒரு சிப்பு, நடுவுல அந்த ஒயரு."

"ஒரு சேதிக்கு எதுக்கு ரெண்டு ஒயர்?"

"ஒண்ணுல வோல்ட்டு ஏறினா இன்னொண்ணுல எறங்கும் சார். அந்தாண்ட இருக்கிற சிப்பு எது ஒசரம், எது பள்ளம்னு மட்டுந்தான் பாக்கும். வழியில மோட்டாரு, ஈபி லைனு எது எரைச்சல் போட்டாலும் ரெண்டு ஒயர்லயும் ஒரே மாதிரி ஏறும். வித்தியாசம் அப்டியே இருக்கும். ஒயர முறுக்கி உடறதே அதுக்குத்தான்."

"மேலே கரண்ட் கிடையாதே?"

"சின்ன சோலார் தகடு போதும். கீழேந்து கேட்டாத்தான் மேல இருக்கிறது பதில் சொல்லும். ரெண்டும் ஒரே நேரத்துல பேசினா ஒண்ணும் வெளங்காது. மத்த நேரமெல்லாம் கம்முனு காதை மட்டும் தொறந்து வச்சிக்கினு கெடக்கும். அதுக்கு கரண்ட் எறும்புத் தீனி மாதிரி."

"அப்புறம் என்னதான் பிரச்சினை?"

"இடி விழுந்தா பூடும். கொரங்கு ஒயரக் கடிச்சா பூடும். வேலைக்காவாது."

பத்தே நாளில் வேலையை முடித்தார். முதல்நாள் மோட்டார் ரூமில் எண் ஒளிர்ந்தது. டேங்கில் தண்ணீர் 255 சதவீதம் என்றது. அடுத்த நொடி பூஜ்யம். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "சொன்னேன் இல்ல?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சட்டென்று என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போய்ப் பாறையைப் பார்த்து "ஏய்!" என்று கத்தினார். "ஏய்!" என்றது பாறை.

"நீங்க கத்துங்க சார்."

கத்தினேன். குடத்தோடு நின்ற பெண்கள் எங்களையே பார்த்தார்கள். "தண்ணி இல்லாம ரெண்டு பேருக்கும் மூளை கொழம்பிப்போச்சுடி" என்றாள் ஒருத்தி.

"திரும்பி வர்ற சத்தம் நம்ப பேச்சையே கலைக்குதில்ல? ஒயரு முடியற எடத்துல சேதி இப்பிடித்தான் முட்டித் திரும்புது. ரெண்டு கோடியிலயும் ஒரு ரெசிஸ்டர் போட்டா அங்கயே அடங்கிடும். மறந்துட்டேன் சார். வயசாயிப்போச்சு."

அவரே பாறை ஏறிப் போட்டுவிட்டு வந்தார். எண் 62 என்று வந்து அசையாமல் நின்றது. ஏழுமலை அதைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு குரங்குகள் மூன்று தடவை ஒயரைக் கடித்தன. மூன்று தடவையும், இனி ஆகாது என்று புலம்பிக்கொண்டே பாறை ஏறினார். கடைசியில் ஒயரைப் பைப்புக்குள் விட்டுப் புதைத்தார்.

போன புரட்டாசியில் கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆட்டோவிலேயே உயிர் போய்விட்டது. துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவி சொன்னார்: "ஒரு மாசமா டாக்டராண்ட போலாம்னு கெஞ்சினேன் சார். வேலைக்காவாதுன்னுட்டாரு." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் தலை குனிந்துகொண்டேன்.

மூன்றாவது வாரம் இடி விழுந்தது. மோட்டார் ரூமில் எண் அணைந்தது. திண்டிவனத்திலிருந்து வந்த மெக்கானிக், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், பழைய இரும்புக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்க ஆள் இல்லை. ஏழுமலை லுங்கியை மடித்துக் கட்டிக் கையில் ஒரு கம்பை எடுத்தார். வெளியே பாறை நனைந்து மின்னியது.

"கொஞ்சம் இரு ஏழுமலை" என்றேன். வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பெட்டியைத் திறந்தேன்.

மூடியின் உட்புறம் ஒரு பிளாஸ்டிக் கவர் ஒட்டியிருந்தது. உள்ளே ஆறு சிப்புகள், கால் வளையாமல் பஞ்சில் குத்தி வைக்கப்பட்டிருந்தன. கூடவே அவர் கையெழுத்தில் ஒரு தாள். அதில் சொன்னபடி கரண்ட்டை நிறுத்தி, பழையதைக் கழற்றி, ஓரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும் பக்கம் மேலே வரும்படி புதியதை அழுத்தினேன். சுவிட்சைப் போட்டதும் எண் வந்தது. 41.

ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. "இன்னா சார் எழுதிக்கிறாரு?" என்று கேட்டார். தாளின் மேல்பாதியைப் படித்துக் காட்டினேன்.

'முதலில் கீழ் சிப்பை மாத்தவும். அப்படியும் எண் வராவிட்டால் மேல் சிப்பு போயிருக்கும். யாராவது திடமான ஆளை அனுப்பவும். ஏழுமலையை ஏற்ற வேண்டாம். கால் தாங்காது.'

"இன்னொரு வாட்டி படி சார்."

படித்தேன். மூன்றாவது வாட்டி கேட்டபோது தாளையே அவர் கையில் கொடுத்துவிட்டேன்.