காற்று விற்ற மாமா

கல்கத்தாவில் நான் எதெதற்கோ பயந்திருக்கிறேன். ஆனால் காத்தாடி மாமாவுக்குப் பயந்த மாதிரி எமனுக்குக்கூடப் பயந்ததில்லை.

எழுபதுகளில் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு வீடு. கீழே நான், மாடியில் மாமாவும் மாமியும். கிடர்பூர் துறைமுகத்தில் மோட்டார் ரிப்பேர் செய்பவர் மாமா; அங்கே கழித்துப்போட்ட மோட்டார் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, இறக்கை கட்டி மொட்டைமாடியில் நட்டுவிட்டார். அது சுற்ற ஆரம்பித்தால் என் சமையலறைத் தட்டுகள் தானாக ஊர்வலம் போகும்.

“பெங்காலி ‘ஹாவா கேத்தே’ போறான், காத்தைத் திங்கறான். நாம காத்து வாங்கறோம். நான் ஒருத்தன்தாண்டா காத்து விக்கறேன்!” என்பார்.

விற்றது நிஜம். காற்றடித்தால் மாடிப்படிக்குக் கீழே இருந்த மீட்டர் தட்டு பின்பக்கமாகச் சுற்றும்.

“மாமா, இது திருட்டு இல்லையோ?”

“அசடு! நமக்குப் போக மிஞ்சின கரண்ட் லைன்ல போய் எதிர்வீட்டு பல்புல எரியறது. வாங்கினதுல குடுத்ததைக் கழிச்சு மிச்சத்துக்குத்தானே பில்லு? நியாயமா கரண்ட் கம்பெனிக்காரன் நமக்கு டீ வாங்கித் தரணும்!”

நியாயம் அவர் பக்கம்தான். ஆனால் மீட்டர் என் பெயரில் இருந்தது. ஜெயிலுக்குப் போகப்போவது நான். கதவு தட்டும் சத்தம் கேட்டாலே போலீஸ்தான் என்று பின்கட்டுக்கு ஓடுவேன்.

ஒரு சித்திரை மாதப் பிற்பகல் கால்பைசாகி என்கிற கோடைப் புயல் கிளம்பியது. மழைக்கு ஒதுங்க ஓர் ஆள் மாடிப்படிக்கடியில் ஓடிவந்தார். பார்த்தால் மீட்டர் ரீடர்! பாய்ந்துபோய் மீட்டரை முதுகால் மறைத்தேன். பின்னால் தட்டு பேய் பிடித்த மாதிரி தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாடியில் என்ன சத்தம் என்று கேட்டார் அவர். எட்டிப்பார்த்த மாமி, “ஹாவா காச்சேன்” (காற்று வாங்குகிறார்) என்று சொல்ல வேண்டியவள், பயத்தில் உளறிவிட்டாள்.

“ஹாவா பிக்ரி கோர்ச்சேன்!”

காற்று விற்கிறாராம்! அடிப்பாவி மாமி, போச்சு!

“பாகோல்!” என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பைத்தியமாம். சிரித்துக்கொண்டே, “ஷோருன் தாதா” என்று என் தோளைப் பிடித்து நகர்த்தினார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பட்! லோட்ஷெட்டிங், கரண்ட் கட். லைன் செத்தால் மாமாவின் மோட்டாரும் கரண்ட் கொடுக்காது. தட்டு நின்றுவிட்டது. டார்ச் அடித்துக் குறித்துக்கொண்டு போனார் மனிதர். கல்கத்தாவில் லோட்ஷெட்டிங்கைக் கையெடுத்துக் கும்பிட்டவன் நான் ஒருவன்தான்.

நனைந்துபோய் இறங்கிவந்த மாமா கேலி செய்வார் என்று நினைத்தேன். என்னைப் பார்த்தார். ஆள் போன பிறகும் நான் மீட்டரை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். திரும்ப மேலே போய் இறக்கைகளைக் கழற்றிவிட்டார்.

“கடையை மூடியாச்சுடா. நீ பயந்து சாகறதுக்கா நான் காத்து விக்கணும்?”

இப்போது என் வீட்டு மொட்டைமாடியிலும் காற்றாடி சுற்றுகிறது. கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்கு மட்டும் பில் போட, மின்வாரியத்தாரே வந்து மீட்டர் மாட்டிப் போனார்கள். காற்று எழும்பும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து, “கடையைத் திறந்தாச்சு, மாமா” என்கிறேன்.