கோபுரக் கரையும் மைனஸ் மார்க்கும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் காசிநாதன் அவர்களுக்கு,

பிள்ளையார்பாளையத்திலிருந்து மயில்வாகனம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தங்கள் தங்கை மங்கையர்க்கரசியும் சௌக்கியம். தங்கள் மருமகள் அகிலாவும் சௌக்கியமே. என்னோடு மட்டும் பேசுவதில்லை. போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்பதால் தபாலில் தெரிவிக்கிறேன்.

அகிலா எழுதப்போகும் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வின் முறை எனக்குப் பிடிபடவில்லை. சரியான விடைக்கு நாலு மார்க்காம், தப்பாப் போட்டால் ஒரு மார்க் பிடித்துக்கொள்வார்களாம், தொடாமலே விட்டால் ஒன்றும் போகாதாம். இது என்ன நியாயம் மச்சான்? நம்ம தறியில கலர் மாத்தி ஓட்டினா முதலாளி திட்டுவாரு, அவ்ளோதான். நடுநடுவுல நெய்யாம விட்டுட்டுப் புடவைய நீட்டினா வாசப்படி ஏற விடுவாரா? இந்த விவரமெல்லாம் அப்போ எனக்குத் தெரியாது. போன ஞாயித்துக்கிழமை கோச்சிங் கிளாஸ்காரங்க வச்ச மாதிரித் தேர்வை அவ வீட்டுலயே லேப்டாப்புல எழுதிக்கினு இருந்தா, முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி "எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான்"னு மூஞ்சி கழுவப் போய்ட்டா. எட்டிப் பாக்கறேன், எழுதின கேள்வியெல்லாம் பச்சையா இருக்குது, எழுதாதது சிவப்பா, பல்லு விழுந்தாப்பல அங்கங்க நிக்குது. பெத்த மனசு கேக்கலை. உக்காந்து நிரப்பிட்டேன். கண்டபடி இல்ல, ஏ, பி, சி, டின்னு ஏத்தி, டி, சி, பி, ஏன்னு இறக்கி, புடவை ஓரத்துல ஏறி இறங்கற கோபுரக் கரை மாதிரியே ஒழுங்காப் போட்டேன். நம்பர் அடிக்கச் சொன்ன கேள்வியில மட்டும் கை வைக்கலை. அந்த அளவுக்குத் திமிர் எனக்குக் கிடையாது.

மார்க் வந்துச்சு. செம அடி. முதல் பேட்ச்ல இருந்தவளைக் கடைசி பேட்ச்சுக்குத் தள்ளிட்டாங்க. "உன் கரையப் புடவையில போடுப்பா, என் தலையில ஏன் போடற?"ன்னு கத்தினா. உங்க தங்கச்சியும் அவ கட்சி. காபி டம்ளர் வருது, பேச்சு வரலை.

ஏப்ரல்ல நெஜப் பரீட்சை. கடைசி பேட்ச்ல உக்காந்தா என்னாத்த தேறும்? நீங்கதான் நல்லா இங்கிலீஷ் பேசுவீங்க. அந்த கிளாஸ் சாருக்கு போன் போட்டு, கரண்ட் போய் வந்துச்சு, கம்ப்யூட்டர் தானா அமுக்கிக்கிச்சுன்னு சொல்லி, பழைய பேட்ச்லயே சேக்கச் சொல்லுங்க. பொய்தான். புண்ணியமாப் போவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஏகாம்பரநாதர் உங்க எல்லாரையும் நல்லா வைக்கட்டும்.

இப்படிக்கு,
மயில்வாகனம்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சி எழுதறேன். தபால் பெட்டிகிட்ட அந்த சாரே எதிர்ல வந்துட்டாரு. மறைக்க முடியலை, உண்மையச் சொல்லிட்டேன். எந்தக் கேள்விய எப்போ அமுக்கினதுன்னு அவர் போன்லயே தெரியுதாம். பாத்துட்டு சிரிக்கிறாரு. என் கரையால நஷ்டமே இல்ல, மார்க் கொஞ்சம் ஏறித்தான் இருக்குதாம். சறுக்கினது அகிலா அவசரத்துல தானே போட்ட கணக்குலயாம். அடுத்த தேர்வு நல்லா எழுதினா பழைய பேட்ச்சுக்கே வந்துடலாம்னாரு. அதனால போன் போடாதீங்க. அவகிட்டயும் இதச் சொல்லிடாதீங்க மச்சான், புள்ள ஒடஞ்சிடுவா. இப்போ என் மேல இருக்கற கோவத்துல வெறியாப் படிச்சிக்கினு இருக்கறா. முடிஞ்சா ஞாயித்துக்கிழமை ஒரு நடை வந்து, அவ எதிர்ல என்னை நல்லா நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க.