ஆறுகால் நாயும் நாலு வெர்ஷனும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஓட்டலில் நான் மெனு கார்டைப் படித்து முடிப்பதற்குள் பக்கத்து மேஜைக்காரர் சாப்பிட்டு, கைகழுவி, பல்குத்திக்கொண்டே போயிருப்பார். செருப்பு வாங்கப் போனால், நான் நான்காவது ஜோடியைப் போட்டு நடந்து பார்க்கும்போது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருப்பார். எது சரியானது என்று முழுதாகத் தெரியாமல் எதையும் தொட மாட்டேன். திண்டிவனத்தோடு இருந்தவரை அந்த வியாதியால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அது என்னோடு பஸ் ஏறி விழுப்புரத்தில் போய் இறங்கியது. நிச்சயம் முடிந்திருந்த என் கல்யாணத்தை அன்று நானே என் கையால் கிட்டத்தட்டக் கெடுத்தேன்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அதை உச்சரிக்கத் தடை இருக்கிறது. மூன்று பாகம் கொண்ட பழைய வெளிநாட்டு விண்வெளிப் படம், முதல் பாகம் மட்டும் தமிழில் டப் செய்யப்பட்டு ஒரு காலத்தில் நம்மூர் கொட்டகைகளிலும் ஓடியது. கப்பல் கேப்டன் ஒருவன், அவனோடு கிரகம் கிரகமாகச் சுற்றும் ஆறுகால் நாய் ஒன்று. கதை அவ்வளவுதான்.

சிக்கல் அதை எடுத்த இயக்குநரிடம் இருந்தது. மனிதருக்குக் கை சும்மா இருக்காது. பத்து வருடத்துக்கு ஒருமுறை படத்தை வெளியே எடுத்து, எதையாவது திருத்தி, மறுபடி வெளியிடுவார். ஒரு நிலா இருந்த இடத்தில் மூன்று நிலா வைத்தார். வில்லனுக்குக் குரலை மாற்றினார். கேப்டனுக்குத் தலைமுடியைக் கூட்டினார். நான் கணக்கெடுத்தவரை முதல் பாகத்துக்கு மட்டும் நாலு வெர்ஷன் இருந்தது.

நிச்சயதார்த்தம் முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது பெண்ணின் அப்பா என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரயில்வே கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர் என்று சொல்லியிருந்தார்கள்.

"மாப்ள, நீங்க காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப்ல தான இருக்கீங்க? ஒரு நாய் படம் வந்துச்சி. ஆறு காலு நாயி. வேலைக்கு வந்த புதுசுல ஏழு வாட்டி பாத்தேன். மத்த ரெண்டு பாகம் நம்மூருக்கு வரவே இல்ல. மூணும் சேத்துக் கெடைக்குமா?"

"கெடைக்கும் மாமா. ஆனா எந்த வெர்ஷன் வேணும்?"

"எந்த வெர்ஷனா?" அவர் குழப்பத்தோடு என்னைப் பார்த்தார். "அந்தப் படம் தான் மாப்ள."

புத்தியுள்ளவன் 'சரி மாமா' என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே ஏதோ ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டிருப்பான். நான் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன்.

அந்த மூன்று வாரமும் நான் மனிதனாக இல்லை. நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு, எந்த வெர்ஷனில் எத்தனை நிலா, எதில் பச்சை நிறம் தூக்கல், எதில் தமிழ்க் குரல் பழையது என்று எழுதி வைத்தேன். ஒரு நாள் அசல்தான் சரி என்று முடிவு செய்வேன். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதே மனசு மாறிவிடும். இதையெல்லாம் எனக்கு நிச்சயமான ரோஸ்லினிடம் போனில் சொன்னேன். (நிச்சயமான புதிதில் மற்றவர்கள் போனில் என்ன பேசுவார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது.) அவள் விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பாட்டு நேரத்தில் கிடைக்கும் அரை மணியில் எனக்கு போன் செய்வாள்.

"ஏதாவது ஒண்ணு போடுங்களேன். அப்பாக்கு என்ன தெரியப் போவுது?"

"அப்டிச் சொல்லாத. ஏழு வாட்டி பாத்தவரு. ஒரு நிலா மாறினாலும் கண்டுபுடிச்சிடுவாரு."

மூன்றாவது வாரம் அவள் குரல் இறங்கியிருந்தது. "வீடே சரியில்லங்க. டைகர் போயிட்டான்."

"டைகரா? எந்த வெர்ஷன்லயும் டைகர்னு யாரும் கெடையாதே!"

"சரி, வெச்சிடறேன். டியூட்டி இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

டைகர் அவர்கள் வீட்டு நாய். நிச்சயத்தன்று என் வேட்டியை மோந்து பார்த்து, போனால் போகிறது என்று உள்ளே விட்டதே அதுதான். கேட்டில் வேலை பார்த்தபோது தண்டவாளத்தோரம் குட்டியாகக் கிடந்ததை மாமா எடுத்துவந்து பதினாலு வருடம் வளர்த்தார். எனக்கு இது தெரியும். தெரிந்தும் என் காதில் ஏறவில்லை. காதுக்குள் மூன்று நிலா அடைத்துக்கொண்டிருந்தது.

குறித்த ஞாயிறு வந்தது. அவர்கள் சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த நேரத்தில் நானும் போய்ச் சேர்ந்தேன். லேப்டாப், ஹார்டு டிஸ்க், புரொஜெக்டர், நாலு வெர்ஷன், நோட்டு எல்லாம் பையில். கூடத்தில் பதினாறு பேர். எல்லோரும் அவர்கள் சொந்தம். சுவரில் வெள்ளைப் போர்வை கட்டியிருந்தார்கள். அடுக்களையில் பிரியாணி தம்மில் இருந்தது.

மாமா ஏனோ களையிழந்து தெரிந்தார். 'பாவம், ஆவலில் தூங்கியிருக்க மாட்டார்' என்று நினைத்துக்கொண்டேன்.

படம் போடுவதற்கு முன் இரண்டு வார்த்தை சொல்ல ஆசைப்பட்டேன். இரண்டு வார்த்தை அரை மணி நேரம் ஆனது. இயக்குநர் செய்த ஒவ்வொரு திருத்தத்தையும் விளக்கி, தீர யோசித்து நான் தேர்ந்தெடுத்திருப்பது கலப்படமே இல்லாத முதல் வெர்ஷன் என்று அறிவித்தேன். ரோஸ்லினின் சித்தப்பா கையைத் தூக்கினார்.

"தம்பி, பெல் எப்ப அடிப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு படத்தைப் போட்டு, பச்சை தூக்கலாகத் தெரிகிறது என்று நிறுத்தினேன். மறுபடி போட்டு, குரல் அரை விநாடி பிந்துகிறது என்று நிறுத்தினேன்.

"ஜல்தி போடுங்க மாப்ள, சோறு ஆறுது" என்றார் அத்தை.

மூன்றாவது தடவை ஓடியது. நாய் திரையில் வந்ததும் மாமாவின் முகம் மாறியது. வசனங்களை முன்கூட்டியே சொன்னார். நாய் குரைக்க வேண்டிய இடத்தில் அவரே ஒருமுறை குரைத்தார். அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசிக் கட்டம். பனிக் கிரகம். எதிரிகள் துரத்த, கேப்டன் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலை நோக்கி ஓடுகிறான். மாமா வெறும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றார் அத்தை.

"பழக்க தோஷம்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். "ஒவ்வொரு வாட்டியும் இந்த எடத்துல எந்திரிச்சி கேட்டுக்கு ஓடிடுவேன். ஷிப்ட்டு மாறும். முடிவ இன்னிக்குத்தான் பாக்கப் போறேன்."

"ஏழு வாட்டியுமா மாமா?" என்று கேட்டேன்.

"ஆமா. நாயத் தூக்கிக்கினு கப்பல்ல ஏறிடுவான், இதுல பாக்கறதுக்கு என்ன இருக்குதுனு வுட்டுட்டேன்."

அவன் நாயோடு ஏற மாட்டான். அசல் வெர்ஷனில் நாய் ஏறாது. கதவை மூடும் நெம்புகோல் வெளியே இருக்கிறது. கேப்டன் நாயை இறக்கி, நெம்புகோலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போகிறான். கதவு மூடுகிறது. எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. விரல் பட்டனுக்கு மேலே நின்றது. அந்த நிமிஷத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இது வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுத்த காட்சி, நடுவில் நிறுத்தினால் கெட்டுப் போகும் என்று தோன்றியது. நிறுத்தவில்லை.

நாய் கண்ணாடி வழியே கேப்டனைப் பார்த்தது. வாலை ஆட்டியது. கப்பல் மேலே போகப்போக அது பனியில் ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது.



"நாய அங்கியே வுட்டுட்டு வந்துட்டானா?" என்றார் மாமா.

"ஆமா மாமா" என்றேன். வாய் நிற்கவில்லை. "இதுதான் ஒரிஜினல்."

அவர் திறந்திருந்த பின்வாசல் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். முருங்கை மரத்தடியில் புதிதாகக் கொட்டிய மண். அதன்மேல் கவிழ்த்து வைத்த அலுமினியத் தட்டு. அப்போதுதான், ஐந்து நாள் கழித்து, ரோஸ்லின் போனில் சொன்னது என் காதில் விழுந்தது.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பிழைத்திருப்பேன். "மாமா, மாமா, இன்னொரு வெர்ஷன்ல நாய் திரும்பி வந்துரும்!" என்று கத்திக்கொண்டே ஹார்டு டிஸ்க்கைக் குடைந்தேன். வயதான காலத்தில் அந்த இயக்குநருக்கு நாய்மேல் இரக்கம் வந்து, கிராபிக்ஸில் ஒரு நாயை வரைந்து ஒட்டியிருந்தார். போட்டேன். நாய் ஓடி வந்தது. கால் பனியில் படவே இல்லை. மூடிய கதவுக்குள் புகுந்து உள்ளே போனது. ஒரு கணம் கால் ஐந்துதான் இருந்தது. சித்தப்பா அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

மாமா சிரிக்கவில்லை. "இது நம்ம நாயி இல்ல" என்றார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன் பக்கமாக நடந்து போய்விட்டார்.

ரோஸ்லின் என் முன்னால் வந்து நின்றாள். "டைகர் போயிட்டான்னு சொன்னேன் இல்ல?"

"சொன்ன."

"நீங்க என்னா சொன்னீங்க?"

பதினாறு பேருக்கு முன்னால் அதைத் திருப்பிச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. போர்வையை நானே அவிழ்த்து மடித்து வைத்தேன். பிரியாணியை யாரும் தொடவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் புரொஜெக்டரை மடியில் வைத்துக்கொண்டு, அதன் லென்ஸையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் நாள் என் அப்பாவுக்கு போன் வந்தது. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்றார்கள். காரணத்தை ரோஸ்லினே சொன்னாளாம்: "நான் பேசறது அவரு காதுல வுழல. இப்பவே இப்டின்னா அப்பால என்னா பண்றது?" அவள் சொன்னது முழுக்க நியாயம் என்பதுதான் கொடுமை. ஒரு மாதம் அவளுக்கு போன் செய்து பார்த்தேன். எடுக்கவே இல்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மா சாப்பாட்டுத் தட்டைச் சத்தமாக வைத்தாள்.

கடைசியில் என்னோடு வேலை பார்க்கும் மயிலத்துக்காரர் ஒருவர் வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டிருப்பது தெரிந்து போனேன். செருப்புக்கு ஒரு மணி நேரம் எடுக்கிற நான், முதலில் என் விரலைக் கடித்த குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு அப்படியே விழுப்புரம் பஸ் ஏறினேன்.

மாமா கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியே பெட்டியைப் பார்த்தார்.

"நாயிக்கு நாயி மாத்திக் குடுத்தா சரியாப் பூடுமா?"

"போவாது மாமா."

அந்த வீட்டில் நான் சொன்ன முதல் சரியான பதில் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினார். "வெயில்ல நிக்குது. கொண்டாங்க" என்று பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கேட் திறந்தே இருந்தது. ஐந்து நிமிஷம் யோசித்துவிட்டு நானும் போனேன்.

ரோஸ்லின் பின்வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "டைகர் எப்டிப் போனான்?" என்று கேட்டேன். அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். மருந்து கொடுத்தது, சாப்பிடாமல் படுத்தது, அப்பா பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டது என்று ஒரு மணி நேரம் சொன்னாள். நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. நான்கு மாதம் தள்ளி எங்கள் கல்யாணம் நடந்தது.

ஆறு வருடம் ஆகிவிட்டது. இரண்டாம், மூன்றாம் பாகங்களை அந்த வீட்டில் இன்னும் யாரும் பார்க்கவில்லை. குட்டிக்கு என்ன பேர் வைப்பது என்று என்னைக் கேட்கவில்லை. (கேட்டிருந்தால் இன்னும் பட்டியல் போட்டுக்கொண்டிருப்பேன்.) எங்கிருந்து வந்து இப்படி உயிரை வாங்குகிறது என்று மாமாவே யோசித்து 'திண்டிவனம்' என்று வைத்துவிட்டார். மயிலம் நாய் என்று நான் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு முடிந்து கூடத்தில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாமா திடீரென்று குரல் கொடுப்பார்: "டேய் திண்டிவனம், சோபாவ வுட்டு எறங்குடா!"

நாங்கள் இரண்டு பேருமே எழுந்து நிற்போம்.

"உங்கள இல்ல மாப்ள" என்பார். அதைச் சொல்வதற்குத்தான் சில நாள் வேண்டுமென்றே ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிறார்.