முத்துக்கு உடம்புச் சூடு

கம்பளிக் குல்லாயைக் கழற்றினால் மானம் போய்விடும், கழற்றாவிட்டால் உயிரே போய்விடும் போலிருந்தது தோகுசோவுக்கு.

ஜூன் மாதம். ஆகோ விரிகுடாவில் காற்று செத்துக் கிடந்தது. சிப்பிகளைக் கட்டித் தொங்கவிட்ட மூங்கில் மிதவைகள் ஒன்றுகூட அசையவில்லை. படகில் இருந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொண்டிருந்தார்கள். படகோட்டி மட்டும் ஜனவரி மாதத்துக் குல்லாயைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, மூக்கு நுனியில் வேர்வை சொட்டச் சொட்டச் சுக்கானைப் பிடித்திருந்தார்.

"என்ன படகுக்காரரே, குளிருதா?" என்றாள் ஹிசானோ.

"காது வலி."

"எந்தக் காது?"

"ரெண்டும்."

"அடப் பாவமே! காட்டுங்க, பாக்கலாம்."

அவள் எழுந்து கையை நீட்டினாள். தோகுசோ பயந்துபோய்ச் சுக்கானைச் சட்டென்று திருப்பிவிட்டார். படகு ஒரு மிதவையை உரசியது. மீன்கூடைக்காரி ஒருத்தி அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினாள். ஹிசானோ உட்கார்ந்துவிட்டாள்.

குல்லாய்க்குள்ளே, தோகுசோவின் இரண்டு காதுமடல்களிலும் ஒரு ஜோடி முத்துத்தோடு மின்னிக்கொண்டிருந்தது.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டி வெகுநாளாகிறது. கல்யாணம் ஆகவில்லை. இளவயதில் பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர். அந்தப் பெண்களுக்கெல்லாம் இப்போது பேரன் பேத்தி.

ஹிசானோ அக்கரையில் தனியாக இருப்பவள். புருஷன் போய்ப் பல வருஷமாயிற்று. இக்கரையில் ரயிலடிக்குப் பக்கத்தில் கிதாமியின் முத்துக்கடையில் வேலை. காலையில் வருவாள், சாயங்காலம் போவாள், இரண்டும் தோகுசோவின் படகில்தான். இத்தனை வருஷமாக இருவரும் பேசிக்கொண்டது இவ்வளவே:

"இன்னிக்குக் காத்து."

"ஆமா, காத்து."

அவளை இறக்கிவிட்டபின் அவள் உட்கார்ந்திருந்த பலகையில் யாரையும் உட்கார விடமாட்டார். ஈரமாக இருக்கிறது என்பார். மழை பெய்து மாதமாகியிருக்கும்.

ஊரே அவரை அண்ணே என்றுதான் கூப்பிடும். ஹிசானோ மட்டும் ஒருநாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டு உமெகோ அதைக் கவனித்து நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று. கவனிக்க வேண்டிய ஆள்தான் கவனிக்கவில்லை.

வசந்தம் முடிகிற சமயத்தில் ஒருநாள், காற்றைப் பற்றிப் பேசி முடித்த பிறகும் ஹிசானோ பேச்சை நிறுத்தவில்லை.

"என் தங்கச்சி நகோயாவுல சாப்பாட்டுப் பொட்டலக் கடை வச்சிருக்கா. வந்து கூட இருன்னு கூப்பிடுறா. ஜூன் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

தோகுசோ காற்று எந்தப் பக்கம் என்று அண்ணாந்து பார்த்தார்.

"இங்கேயே இருக்கறதுன்னா அதுக்கு ஒரு காரணம் வேணும்ல?" என்றாள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

தோகுசோ வெகுநேரம் யோசித்தார். படகு கரை தட்டியது. அப்புறம் சொன்னார்: "நகோயாவுல வெக்கை ஜாஸ்தி."

அன்றிரவு தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் படகைக் கட்டிவிட்டு, முகம் கழுவி, கிதாமி கடைக்குப் போனார்.

"தோடு வேணும்."

"யாருக்கு?" என்றாள் ஹிசானோ.

'உனக்கு' என்று சொல்லத்தான் வந்திருந்தார். வாய் வேறு ஏதோ சொல்லிற்று. "ஒசாகாவுல ஒரு சொந்தக்காரி."

ஹிசானோ ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு வடக்கு ஜன்னல் ஓரமாக ஒரு வெள்ளைத் துணியை விரித்து முத்துகளைக் கொட்டினாள்.

"அவங்க காது குத்தியிருக்காங்களா?"

"இல்ல." இதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காதுகளை எத்தனை வருஷமாகப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்! "ஓட்டை இல்லாமலே மடலைக் கவ்விப் பிடிக்கற திருகு வச்சதுதான் வேணும்."

"நிறம் எப்படி? சிவப்பா, மாநிறமா?"

"உங்க... கிட்டத்தட்ட உங்க நிறம்."

"முகம்?"

"அதுவும் கிட்டத்தட்ட."

"வயசு?"

தோகுசோ கூரையைப் பார்த்தார்.

"சரி," என்று ஹிசானோ ஒவ்வொரு முத்தாகத் துணியில் உருட்டினாள். "தள்ளாடாம ஓடினா உருண்டை சுத்தம். உள்ள எட்டிப் பாருங்க. உங்க மூக்கு தெளிவாத் தெரியுதா? அதுதான் நல்ல பளபளப்பு. கலங்கலாத் தெரிஞ்சா வேண்டாம். மாலைக்கு முத்து சேக்கறதுகூட சுலபம். தோட்டுக்கு ஜோடி சேக்கறதுதான் கஷ்டம். ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு மாறினாலும் ஊருக்கே தெரியும்."

கடைசியில் ரோஜாநிறம் லேசாக ஓடிய ஒரு ஜோடியை எடுத்துத் தன் காதில் திருகிக்கொண்டு திரும்பினாள். "ஒசாகாக்காரிக்கு இது எடுப்பா இருக்குமா?"

தோகுசோ மூச்சுவிட மறந்தார். கல்லாவில் இருந்த கிதாமி கிழவர் இருமிய பிறகுதான் நினைவு வந்தது.

பெட்டியைக் கட்டும்போது ஹிசானோ பக்குவம் சொன்னாள். "சென்ட்டு ஆகாது. புளிச்ச காடி ஆகாது. அலங்காரமெல்லாம் முடிச்சு கடைசியில போடணும், வீட்டுக்கு வந்ததும் முதல்ல கழட்டணும். மெத்துத் துணியால துடைக்கணும். முக்கியமா ஒண்ணு, கேட்டுக்கோங்க. பெட்டியில பூட்டி வைக்கவே கூடாது. முத்துக்கு உடம்புச் சூடு வேணும். யாராவது போட்டுக்கிட்டே இருக்கணும். இல்லேன்னா உசிரு போயிடும். சீக்கிரம் கொண்டு போய்க் குடுத்துடுங்க."

கொடுத்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. காலையில் பெட்டி சட்டைப்பையில் ஏறும். படகில் மீன்கூடைக்காரி இருப்பாள், சாயங்காலம் கொடுக்கலாம் என்று தோன்றும். சாயங்காலம் யாரும் இருக்கமாட்டார்கள். யாரும் இல்லாததுதான் இன்னும் பயமாக இருக்கும். ராத்திரி பெட்டியைத் திறந்து பார்ப்பார். முத்து நேற்றைவிட மங்கியிருப்பது போலவே இருக்கும். மூக்கு தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார். தெரியும், ஆனால் சோகமாகத் தெரியும்.

அவளுக்கென்று வாங்கியதை அவள் காதைப் பார்க்காமலே சாகவிடுவதா? முதலில் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தூங்கிப் பார்த்தார். விடியும்போது ஒன்று பாய்க்கடியில் கிடந்தது. அக்குளில் வைத்தார். வேர்வை. திருகுத்தோடு எதற்கு இருக்கிறது? காதில் போடத்தானே!

இப்படித்தான் அந்தத் தோடு தோகுசோவின் காதில் ஏறியது. குல்லாயும் அதன் மேல் ஏறியது.

காதுவலி என்று சொன்ன மறுநாளே ஹிசானோ முள்ளங்கிச் சாறு வடித்து ஒரு குப்பியில் கொண்டு வந்தாள். "ராத்திரி மூணு சொட்டு விடுங்க," என்றாள். அவர் குப்பியைச் சாமி மாடத்தில் வைத்தார்.

குல்லாயை வீட்டுக்குள்ளாவது கழற்றித்தானே ஆகவேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்பக்கம் அடுப்பை மூட்டி மீன் சுட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு கைமாறிச் சுற்றிவரும் ஊர் அறிவிப்பு அட்டையை எடுத்துக்கொண்டு உமெகோ வந்தாள். உமெகோவுக்குக் கூப்பிட்டுவிட்டு வரும் பழக்கம் கிடையாது.

"தோகுசோண்ணே... உங்க காதுல..."

"முதுகு!" என்றார் தோகுசோ.

"முதுகா?"

"முதுகு வலிக்கு. காது மடல்ல ஒரு நரம்பு ஓடுது. முத்தை வச்சு இறுக்கித் திருகினா இடுப்பு வரைக்கும் இழுத்துப் பிடிச்சிடும். சாதாரண கல்லுக்கு அந்தக் குணம் இல்ல, முத்துதான் வேணும். ஒரு சீன வைத்தியர் சொன்னாரு."

வாழ்நாளில் அவர் தொடர்ந்தாற்போல் இவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. இதில் பாதியை ஹிசானோவிடம் பேசியிருக்கலாம்.

அட்டையில் எழுதியிருந்தது சாக்கடை சுத்தம் செய்யும் நாள் மட்டும்தான். ஆனால் அது கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊரில் உள்ள கிழவர்கள் எல்லாம் காதுமடலைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் விழுந்தவர் முடிதிருத்தும் கென்பெய். நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்த்து இடுப்பு போனவர். ஒரு ஜோடி வாங்கி மாட்டிய அன்றே, "பாதி வலி போச்சுய்யா!" என்று கடையில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மீதிப் பாதிக்கு அவர் மனைவி வந்து சேர்ந்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து எனக்கு ஒரு பொட்டு முத்து வாங்கித் தரத் துப்பில்ல. இடுப்புக்கு மட்டும் ஜோடி கேக்குதோ?"

"வைத்தியம்டி!"

"எனக்கும் வலிக்குது, கழட்டுய்யா!"

கிதாமி கடையில் வருஷக்கணக்காக விலைபோகாமல் கிடந்த கோணல் முத்து, குழி முத்து எல்லாம் கிழவர்களின் காதில் ஏறின. பொதுக் குளியலறையில் கழுத்தளவு வெந்நீரில் வரிசையாகத் தலைகள், தலைக்கு இரண்டு முத்து. செய்தி கேட்ட ஹிசானோ பெண்கள் பக்கத்திலிருந்து தடுப்புக்கு மேலாகக் கத்தினாளாம்: "சுடுதண்ணி ஆகாது! சோப்பு ஆகாது! கழட்டிட்டு இறங்குங்க, பெரியவங்களா!"

தோகுசோவுக்கு இனிக் குல்லாய் தேவைப்படவில்லை. அதுவே வினையாயிற்று.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலப் படகில் ஹிசானோ மட்டும் இருந்தாள். வெகுநேரம் அவர் காதையே பார்த்தாள்.

"அது ஒசாகா சொந்தக்காரிக்கு வாங்கினதுதானே?"

"ம்."

"அவங்களுக்குக் குடுக்கலையா?"

இதோ, இந்தக் கணம். படகில் ஈ காக்காய் இல்லை. தோகுசோ வாயைத் திறந்தார். தூரத்தில் இன்னொரு படகு ஒலியெழுப்பியது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தபோது ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதிலே வந்தது.

"முதுகு வலி."

"அப்போ... நிஜமாவே முதுகுக்குத்தான் வாங்கினீங்களா?"

"வலிக்கு நல்லாக் கேக்குது."

ஹிசானோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மிதவைகளுக்கு மேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. இறங்கும்போது காற்றைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பலகையைத் தோகுசோ ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு நிஜமாகவே ஏதோ ஈரமாகத்தான் தெரிந்தது.

ஜூன் கடைசி நாள். இனித் தள்ளிப்போட முடியாது என்று முடிவு செய்தார். தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், அது மங்கிப் போயிருந்தது. எட்டிப் பார்த்தார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல்தான் தெரிந்தது. தன் ஒட்டுமொத்த வாழ்க்கையும் அப்படித்தான் என்று அவருக்குத் தோன்றியது. இதை எந்த முகத்தோடு கொடுப்பது? வேறு ஜோடி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று சாயங்காலப் படகைக் கட்டிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினார்.

ஹிசானோ இல்லை. கிதாமி கிழவர் மட்டும் இருந்தார்.

"அவங்க?"

"சீக்கிரமே கிளம்பிட்டா. துறையில உக்காந்திருப்பா. படகை ஓட்ட வேண்டியவன் இங்க வந்து நிக்கிறே! ராத்திரி தங்கச்சிக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லப் போறாளாம். எனக்கு இனிமே இப்படி ஒரு கை எங்க கெடைக்கும்?"

தோகுசோ கையை விரித்தார். "இது செத்துப் போச்சு. வேற தாங்க."

கிழவர் தோட்டை வாங்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். "என்னடா இது, வேர்வையும் கம்பளி நூலுமா ஒட்டிக்கெடக்கு?" என்று மெத்துத் துணியால் நாலு துடை துடைத்தார். முத்துக்குள் ரோஜாநிறம் மெல்ல எழுந்து வந்தது. தோகுசோவின் மூக்கும் வந்தது.

"சாகலையா?"

"அழுக்குடா. துடைச்சா போச்சு. நல்ல முத்தை ராவும் பகலும் காதுல மாட்டிக்கிட்டுத் திரியச் சொல்லி எந்தச் சீனன் சொன்னான் உனக்கு?"

"சீனன் இல்ல..." தோகுசோ தலையைக் குனிந்துகொண்டார். ஊர் முழுக்கச் சொன்ன பொய்யை முதன்முதலாகக் கீழே இறக்கி வைத்தார். "முதுகு வலியும் இல்ல. பெட்டியில பூட்டி வச்சா முத்து செத்துப்போகும், உடம்புச் சூடு வேணும்னு அவங்கதான் சொன்னாங்க. குடுக்க தைரியம் வரல. அது சாகக்கூடாதேன்னு நானே போட்டுக்கிட்டேன்."

கிழவரின் கையில் துணி அப்படியே நின்றது. தோகுசோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"அட மடையா! எங்கப்பன் காலத்துலேருந்து இந்தக் கடையில துடைச்சுப் பெட்டியில வைன்னுதான்டா எல்லாருக்கும் சொல்றோம். உன் ஒருத்தன்கிட்ட மட்டும் அவ செத்துப்போகும்னு சொல்லியிருக்கான்னா, அப்பவாவது நீ சீக்கிரமா கொண்டு வந்து அவ காதுல போடுவேன்னுதான்டா!"