அம்மாவின் கல்லறைக்கு அரை வீசை வெல்லம்

அம்மா இறந்து பதினோரு மாதம். புதைத்த இடம் மழையில் உள்வாங்கிக் கிடந்தது. கல்லறைத் திருநாளுக்குள் அதன்மேல் ஒரு சிமிட்டிப் பலகை, அதுவும் என் கையாலேயே போடுவது என்று சபதம் செய்தேன். உயிரோடு இருந்தபோது அவளுக்கு நான் ஒரு மணைப்பலகைகூட வாங்கிக் கொடுத்ததில்லை.

பகலில் மேரியில் குமாஸ்தா நான். மேரி என்றால் எங்கள் ஊர் நகரசபை. மாலையில் வீட்டு மேரிக்கு, அதாவது என் மனைவி ஆனந்தமேரிக்கு, சேவகன். நகரசபையிலாவது ஞாயிறு லீவு உண்டு.

அப்படியொரு ஞாயிறன்று, முத்தியால்பேட்டை வீட்டுக் கொல்லையில் மரச்சட்டம் அடித்தேன். சிமிட்டி, மணல், ஜல்லி. கலக்குகிற தண்ணீரில் அரை வீசை வெல்லம்.

“என்னாங்க, பாயசமா வைக்கறீங்க?”

“கோட்டையெல்லாம் வெல்லம் போட்டுத்தான் இத்தினி வருசமா நிக்குது.”

“அது சுண்ணாம்பு. சிமிட்டிக்கு இனிப்பு ஆகாதுன்னு நம்ம தெரு பாவாடை மேஸ்திரி சொல்றாரு.”

“அவருக்கு என்னா தெரியும்?”

“உங்களுக்கு?”

“நீ உள்ள போ!”

போய்விட்டாள். மறுபேச்சு இல்லாமல் போனாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சிமிட்டியும் உறையவில்லை.

மறுநாள் விரல் வைத்தேன். உள்ளே போயிற்று. ஐந்தாம் நாளும் போயிற்று. எட்டாம் நாள் எனக்கு முன்னால் எறும்பு போயிருந்தது. ஒன்பதாம் நாள் மழை பிடித்துப் பாதிப் பலகையைக் கரைத்தது. நனைந்தபடியே நின்றேன். அம்மாவுக்கு இதைக்கூடச் செய்ய முடியவில்லை.

“கடைக்காரன் கலப்படம் பண்ணிட்டான், மேரி.”

அவள் உழக்கில் வார்த்த இரண்டு கட்டிகளைக் கொண்டுவந்தாள். “ரெண்டும் உங்க மூட்டைதான். இது வெல்லம் இல்லாம நான் பிசைஞ்சது. இது நீங்க கலக்கினதுல அள்ளினது.”

ஒவ்வொன்றின் மேலும் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். அவளுடையது அசையவில்லை. என்னுடையது பொடியாயிற்று.

“கடைக்காரன் மேல பழி போடாதீங்க.”

திருநாளன்று மெழுகுவத்தியோடு தலைகுனிந்து மேரியின் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மாவின் மேல் வழவழவென்று ஒரு பலகை! தட்டிப் பார்த்தேன். விரல்தான் வலித்தது.

“யாரு போட்டது?”

“மேஸ்திரி. நீங்க வெல்லம் கரைச்ச அன்னிக்கே அவருகிட்ட சொல்லிட்டேன்.”

கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு படித்தேன். மேலே அம்மா பெயர். அடுத்து, ‘மருமகள் ஆனந்தமேரி’. அவ்வளவுதான்.

“என் பேரு எங்க, மேரி?”

“கீழ பாதி சும்மா விட்டு வச்சிருக்கேன் பாருங்க. அது உங்களுக்குத்தான். அவசரம் ஒண்ணும் இல்ல.”