கயா காட்டிய மரியாதை

தீபாவளிக்குள் இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை அந்த நாய் இருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் அறிவித்தபோது, நான் சாமிக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தேன். யார் இருக்கட்டும் என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். முருகன் மன்னிக்க வேண்டும்.

நாயின் பெயர் கயா. ரொட்டியில் பூசுகிற கயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமின் நிறம். என் மகள் புனிதா செராஸில் அடுக்குமாடி வீட்டுக்கு மாறியபோது எங்களிடம் விட்டுப்போனாள். கயா தங்கமான பிள்ளை. நான் சாமிப் பாட்டுப் பாடினால் சாமியறை வாசலில் படுத்துக் கடைசிவரை கேட்கும். நான் பெற்றதுகள்கூட அப்படிக் கேட்டதில்லை. ஒரே குறை, வீட்டுக்காரரைக் கண்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும்.

வீட்டுக்காரர் பக்கிரிசாமி லோரி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. ஓய்வு அவருக்குத்தான், தொண்டைக்கு இல்லை. சாயங்காலம் நடந்துவிட்டு வந்து, கேட்டைத் திறக்கும்போதே தேத்தண்ணி கேட்பார். அவர் வந்தது எங்கள் சாலாக் செலாத்தான் வட்டாரம் முழுக்கத் தெரியும். கயா ஆசையாக ஓடும். இவர் இடுப்பில் கை வைத்து, அதன் மேலே குனிந்து ஓர் அதட்டல் போடுவார். அது காதை மடக்கி, வயிற்றைத் தரையோடு ஒட்டி, அவர் சிலிப்பர் மேலேயே வேலையை முடித்துவிடும். திட்டுவார். திட்டினால் இன்னும் கொஞ்சம் வரும். இங்கே குரல் ஏற ஏற அங்கே குளம் பெருகும். மாப் மட்டும் என் கையில்.

தீபாவளிக்கு விருந்தாளிகள் வந்து வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று இவர் தன் தம்பி கன்னையாவுக்கு போன் போட்டுவிட்டார். கிள்ளானில் லோரிப் பட்டறை வைத்திருக்கிறவர். வந்து நாயை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அங்கே ராப்பகலாகச் சங்கிலிதான்.

புனிதாவைக் கூட்டிக்கொண்டு கயாவை நாய் டாக்டரிடம் காட்டினேன். கௌசலா என்று ஒரு சின்னப் பெண். உடம்பில் ஒரு நோயும் இல்லை ஆன்டி என்றார். ஆசையும் பயமும் ஒன்றாக வருவதால் இப்படியாம். நீங்கள் பெரியவர், நான் சின்னது, அடிக்காதீர்கள் என்று அது தன் பாஷையில் சொல்கிறதாம். திட்டவே கூடாது. வருகிறவர் சத்தமில்லாமல் வர வேண்டும். நாயை முறைத்துப் பார்க்காமல் ஒரு பக்கமாக உட்கார வேண்டும். அதுவாக வந்தால் தாடைக்குக் கீழே தடவிக் கொடுக்க வேண்டும்.

ஆக, மருந்து நாய்க்கு இல்லை, வீட்டுக்காரருக்கு. உங்கள் சத்தத்துக்குப் பயப்படுகிறது என்று சொன்னால் அதற்கும் ஒரு சத்தம் போடுவார். பொய் சொல்லாமல் பேச ஒரு வழி காட்டு என்று வீட்டுச் சாமியறையில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"டாக்டரு என்னா சொல்றாங்க?"

"அது மரியாதையாங்க. இந்த வீட்டுக்கு நீங்கதான் பெரியவர்னு நினைக்குதாம்."

மீசையைத் தடவிக்கொண்டார்.

"டாக்டரே சொன்னாங்களா?"

"ஆமாங்க."

"நாய்க்காச்சும் தெரியுதே."

"ஆனா பெரியவங்க அதைத் தேடிப் போகக் கூடாதாம். அதுதான் தேடி வரணுமாம். வந்ததும் சத்தமே காட்டாம, அதைப் பாக்காம, ஸ்டூல்ல உக்காந்துக்கணுமாம்."

"ராஜா மாதிரி."

"அதான். ராஜா கேட்டுல நின்னு கத்துவாரா?"

அன்றைக்கு ராஜா வந்தது எனக்கே தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் வாசல் ஸ்டூலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கயா தயங்கித் தயங்கிப் போய் மோந்து பார்த்தது. கொஞ்சம் சொட்டியது. வரவர அதுவும் நின்றுபோனது. கத்த முடியாததால் தேத்தண்ணியும் கேட்க முடியவில்லை. ராஜா தானே அடுப்படிக்குப் போய்க் கலக்கிக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு கோயில் மாதிரி இருந்தது.

ஆனால் கன்னையாவிடம் வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றார். சொன்ன வார்த்தையை மாற்றினால் மரியாதை என்ன ஆவது?

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை லோரி வந்து நின்றது. அண்ணனுக்கு இருக்கிற அதே தொண்டை தம்பிக்கும். "அண்ணே, நாய் எங்க?" என்று கேட்டிலிருந்தே ஒரு குரல் கொடுத்தார். கயா ஓடியது. காது மடங்கியது. வயிறு தரையோடு ஒட்டியது. கன்னையாவின் புதுச் சப்பாத்து நனைந்தது.

"இதையா என் லோரியில ஏத்தச் சொல்றீங்க? வேணாம்லா அண்ணி, நீங்களே வச்சிக்குங்க."

காலை உதறிக்கொண்டே கிளம்பிப் போய்விட்டார். நான் மனசுக்குள் முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

வீட்டுக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. முகம் சுருங்கிப்போயிருந்தது.

"அவனுக்கு அவ்ளோ மரியாதை. எனக்கு ஒரு சொட்டு இல்ல."

எனக்கே பாவமாக இருந்தது.

"அது வெளியாளுக்குக் காட்டுற மரியாதைங்க. வீட்டு ஆளுக்கு வேற. என்னையே பாருங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க மேல மரியாதையாத்தானே இருக்கேன். என்னைக்காச்சும் தரையை நனைச்சிருக்கேனா?"

அவர் யோசித்தார். கயா வந்து அவர் மடியில் தாடையை வைத்தது. நான் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு விளக்கேற்ற உள்ளே போனேன்.

ராஜா சத்தமில்லாமல் எழுந்து, மாப்பை எடுத்துக்கொண்டு, கேட்டுப் பக்கம் போனார்.